மணல்திட்டில் ஒரு கடல் பசு

புயல்காற்றில் கயிறு அறுந்துபோன வள்ளத்தைத் தேடி, விடிந்ததும் மூன்று பேர் கடலில் இறங்கினார்கள். வள்ளம் ஜெனிட்டாவுடையது. தம்பி ரூபஸும் அவளோடு வந்தான். பக்கத்து வீட்டுச் சம்சுதீன் தன் படகை ஓட்டினார்.

ஆளில்லாத மணல்திட்டை வளைத்துத் திரும்பியபோது வள்ளம் கண்ணில் பட்டது. நீரோட்டம் அதைத் தெற்கே இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. விரட்டினால் பிடித்துவிடலாம். ஆனால் ஜெனிட்டாவின் பார்வை திட்டில் நின்றது. தண்ணீர் வற்றிய மணலில் ஒரு கடல் பசு கிடந்தது. தோல் வெயிலில் காய்ந்திருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

ரூபஸ் கயிற்றோடு குதித்தான். வாலில் கட்டிப் படகால் இழுத்துவிட்டு வள்ளத்தைத் துரத்தலாம் என்றான்.

"வால்ல கட்டாதடா. இழுத்தா முதுகெலும்பு போயிரும்," என்று ஜெனிட்டா தடுத்தாள்.

அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. சம்சுதீன் தயங்கினார். "சிக்னலுக்குக் கரைப்பக்கம் போகணும், தங்கச்சி. அதுக்குள்ள உன் வள்ளம் போயிரும்."

அவளுடைய பிழைப்பே அந்த வள்ளம்தான். ஒருமுறை அதைப் பார்த்தாள்.

"போங்கண்ணே. வனத்துறைக்குச் சொல்லுங்க."

அக்காவும் தம்பியும் படகிலிருந்து இறக்கி வைத்த தார்ப்பாயைத் துடுப்புகளில் கட்டி நிழல் செய்தார்கள். நனைத்த துணியை முதுகில் போட்டு, மூக்குத் துளைகளில் படாமல் தண்ணீர் ஊற்றினார்கள். கண்ணைக் கொத்த வந்த காக்கைகளை ரூபஸ் சத்தம் போடாமல் விரட்டினான்.

சம்சுதீன் திரும்பியபோது பின்னால் நான்கைந்து படகுகள் வந்தன. செல்பி எடுக்க நெருங்கியவர்களை அவர் தள்ளி நிறுத்தினார். டாக்டர் பார்க்காமல் கடலில் தள்ளினால் நீந்தத் தெம்பில்லாமல் மூழ்கிவிடும் என்று வனத்துறை சொன்னதை விளக்கினார். ஜெனிட்டா எதை விட்டுவிட்டு அங்கே நிற்கிறாள் என்றும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இரண்டு படகுகள் தெற்கே கிளம்பின.

நீர் ஏறத் தொடங்கியபோது வனத்துறையினர் கால்நடை டாக்டரோடு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் சோதித்து, கடலில் விடலாம் என்று தலையசைத்தார். எல்லோரும் சேர்ந்து அகலமான துணித் தொட்டிலில் அதை ஏந்தி, இடுப்பளவு நீரில் தாங்கி நின்றார்கள். மூச்சு சீரானது. வால் ஒருமுறை அடித்தது. ஜெனிட்டாவின் கையிலிருந்து அது நழுவிப் போனது.

சற்றுத் தொலைவில் அது தலை தூக்கியது. அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன முதுகும் எழுந்தது.

"குட்டி இருக்குக்கா," என்றான் ரூபஸ்.

சாயங்காலம் தெற்கே போன படகுகள் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தன. ஓரப்பலகை மட்டும் விரிசல் விட்டிருந்தது. கரையில் கூடியவர்களிடம் ரூபஸ்தான் நடந்ததைச் சொன்னான். "இனிமே யார் பாத்தாலும் மொதல்ல கயித்தக் கீழ போடுங்க. போன எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்க," என்றான்.