இரைச்சல் அடங்கிய மாலை

இரைச்சல் குறைந்திருந்தது. குறைவதற்கான எதையும் சுந்தரமூர்த்தி அன்று செய்திருக்கவில்லை.

அரக்கோணத்தில் ரயில்வே தந்தி அலுவலராக இருந்த அவருக்குக் காரணமில்லாத நன்மை பிடிக்காது. உலகப் போர் தொடங்கியதும் அவருடைய ஒலிபரப்புக் கருவியைச் சர்க்கார் எடுத்துச் சென்றது. கேட்கும் வானொலிப் பெட்டி மட்டும் மிஞ்சியது. மலாயாவில் காணாமற்போன தம்பி நாகராஜனுக்காக அதை மாலைதோறும் திருப்பினார். கிழக்கே எங்கிருந்தோ ஒரு நிலையம் சிற்றலையில் போர்க் கைதிகளின் பெயர்களை வாசித்துவந்தது. அப்பெயர்களுக்கும் அவர் காதுக்கும் நடுவில் நின்றது இரைச்சல் ஒன்றே. ஏரியலை ரயில் பாதையின் தந்திக் கம்பிகளுக்குக் குறுக்காகத் திருப்பிக் கட்டினார். அதிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கம்பிக்கு உலோக உறை இட்டார். கொல்லையில் வாய் திறந்த இரும்புக் குழாயை ஆழப் புதைத்து, எர்த் கம்பியை அதில் முறுக்கினார். குழாயைச் சுற்றி மண் ஈரமாக இருந்தால் இரைச்சல் தணியும். தம்பி மனைவி வரலட்சுமி விளக்கு வைத்ததும் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள்.

அன்றும் ஊற்றினாள். வேலிக்கு அப்பால் பங்காளி பங்காரு நின்றான்.

"இன்னா அண்ணாத்தே, இரும்புக்குத் தண்ணி ஊத்திகினு கீது பொண்ணு? காய் காய்க்குமா?"

சுந்தரமூர்த்தி கொல்லைப்படியிலிருந்து எழுந்தார். பங்காரு விடவில்லை.

"காரியம் பண்ணி முடிச்சாச்சு. இன்னும் தாலியோட நிக்குது. ஊரே சிரிக்குதுங்க."

"அவரு கொரல என் காதால கேக்கணும். அதுவரைக்கும் கழட்ட மாட்டேன்," என்றாள் வரலட்சுமி, குடத்தை நிமிர்த்தாமலே.

காரியம் நடந்தது உண்மைதான். உடல் கிடைக்காதவனுக்குச் செய்யும் முறைப்படி, தர்ப்பையால் உருவம் கட்டி, நாகராஜன் என்று பெயர் சொல்லி எரித்தார்கள். சாம்பலை நந்தியாற்றில் கரைப்பது அண்ணன் பொறுப்பு. கரைப்பது சாவை ஒப்புக்கொள்வது என்று கருதிய சுந்தரமூர்த்தி கரைக்கவில்லை. குழாயைப் புதைத்த எர்த் குழிக்கு உப்போடு கரியும் சாம்பலும் தேவைப்பட்டன. சாம்பல் பானையை அதிலேயே கவிழ்த்து, இறுகும்படி மிதித்தார்.

உள்ளே வந்து பெட்டியின் முன் அமர்ந்தார். மலைக்கோயில் மணியின் கடைசி அதிர்வும், கொல்லையிலிருந்து வந்த ஈரமண் வாசனையும், சூடேறிய வால்வுகளின் மெல்லிய கருகல் நெடியும் ஒன்றாகக் கலந்திருந்த அந்த அறையில், இரைச்சல் கரையைவிட்டு விலகும் வெள்ளம்போல மெல்லப் பின்வாங்க, அதன் அடியில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"அண்ணா."

குமிழிலிருந்து கையெடுக்காமலே கூப்பிட்டார். "வரலட்சுமி! வா!"

அவள் ஓடிவந்து ஒலிபெருக்கியில் காதை வைத்தாள். தாலியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"அவருதான் பாவா! உசுரோட கீறாரு!" என்றாள் கணவனின் அண்ணனிடம்.

"இன்னும் ரெண்டு குடம் ஊத்தும்மா. தெளியும்."

ஓடினாள். தண்ணீர் விழும் ஓசை ஜன்னல் வழியாக வந்தது. இரைச்சல் மேலும் தாழ்ந்தது.

"தண்ணி," என்றது பெட்டி.

மறு குடம் விழுந்தது.

"இன்னும்."

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். கடல் கடந்த நிலையத்துக்குக் கொல்லையில் விழும் குடம் எப்படித் தெரியும்?

ஐயம் வந்தால் சோதிக்க வழி உண்டு. ஏரியலைக் கழற்றினால், வெளியிலிருந்து வருவது நின்றுவிடும். கழற்றினார். நிலையங்கள் போயின. இரைச்சல் போயிற்று. எல்லாம் போயிற்று.

குரல் போகவில்லை.

தனியாக நின்றது. ஒரு கீறலும் இல்லாமல். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு தூய ஒலியை அவர் கேட்டதில்லை.

"மிதிச்சயே அண்ணா."

எர்த் கம்பியைப் பிடுங்கினார்.

நிசப்தம்.

மூச்சு விட்டார். அப்போது கொல்லையில் வரலட்சுமியின் குரல். யாருக்கோ பதில் சொல்வதுபோல.

"ஆங்... கேக்குதுங்க... ஆங்."

விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். குடம் உருண்டு கிடந்தது. அத்தனை தண்ணீர் ஊற்றியும் குழாயைச் சுற்றி மண் காய்ந்திருந்தது. அவள் குப்புறப் படுத்திருந்தாள். காது குழாயின் வாய்மேல். முகத்தில் சிரிப்பு.

"கழட்ட மாட்டேங்க," என்றாள் குழாய்க்குள்.

அவள் கழுத்திலிருந்து தாலிக்கயிறு உள்ளே இறங்கியிருந்தது. விறைத்திருந்தது. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.