இரண்டாவது கன்ட்ரோலர்

டிவி வீடியோ கேமில் ஜான்சனின் இடது குத்துச்சண்டை உறை மெல்ல உயர்ந்தது. அதை இயக்க வேண்டிய கன்ட்ரோலர் சோபாவில் யாரும் தொடாமல் கிடந்தது.

"சென்சார் ஆடுது," என்றான் ரெனால்ட். "வெயில் நேரா அடிச்சா அப்டித்தான்."

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். பாலாற்றுப் பக்கத் தோல் தொழிற்சாலைகளிலிருந்து வந்த சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த நாற்றம் வெளியே போகாமல் அறைக்குள்ளேயே தங்கியது.

ஞாயிறு மதியம், கோயில் முடிந்து ஜான்சன் இங்கே வருவது ஆறு மாதப் பழக்கம். மணிக்கட்டோடு முடிந்துபோன அவன் இடது கைக்கு முதல் நாளிலிருந்து கட்டு மாற்றிய நர்ஸ், ரெனால்டின் மனைவி ஜெனிஃபா. அப்போது "ஜான்சன் அண்ணா" என்றாள். இப்போது அண்ணா இல்லை. பட்டன் அழுத்தும் ஆட்டம் ஒற்றைக் கைக்கு ஆகாது என்று, கையை வீசி ஆடும் இதை வாங்கியதும் அவள்தான். பந்தை உருட்டிக் குச்சிகளைச் சாய்க்கும் பவுலிங்கில் ஜான்சன் வலது மணிக்கட்டை லேசாகச் சுண்டுவான். அத்தனை குச்சியும் சாயும். ரெனால்ட் தோள் வலிக்க வீசுவான். பந்து ஓரமாக ஓடிவிடும். கருவிக்குச் சுண்டுவது மட்டுமே தெரியும். உழைப்பு தெரியாது.

"ரெண்டு கைய வச்சிக்கினு தோக்குறியே மச்சான்," என்பான் ஜான்சன். ஜெனிஃபா சிரிப்பாள். ரெனால்டிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அதனால்தான் இன்றைக்கு ரெனால்ட் குத்துச்சண்டை ஆட்டத்தைப் போட்டான். அதற்கு இரண்டு கை வேண்டும்.

ஷூ கம்பெனியில் அப்போது இருவரும் நைட் ஷிப்ட், கட்டிங் செக்‌ஷன். இரண்டு கையாலும் இரண்டு சுவிட்சை அழுத்தினால்தான் தோல் வெட்டும் பிரஸ் இறங்கும். வேகத்துக்காக இடது சுவிட்சில் தோல் துண்டைச் செருகி வைப்பார்கள். மிஷினை அடுத்தவனிடம் விடும்போது அதை எடுத்துவிட வேண்டும். ஜான்சன் எப்போதும் ஜாஸ்தி வெட்டுவான். சூப்பர்வைசர் அவனைத்தான் புகழ்வார். ஒரு நாள் ரெனால்ட் துண்டை எடுக்கவில்லை. ஜான்சனின் இடது கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கியது. மறந்துட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னான். மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஜான்சன் வேலைக்குப் போகவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஜெனிஃபா ஜான்சனுக்கு இடப்பக்கம் நின்று பார்த்தாள். ஜான்சன் வலது கையை மட்டும் உயர்த்தினான். திரையில் இரண்டும் உயர்ந்தன. இடதிலிருந்து ஒரு குத்து. இன்னொன்று.

"இன்னா பண்ற நீ?"

"ஒத்தக் கையால இன்னா பண்ணுவேன் மச்சான்?"

ரெனால்ட் சோபாவிலிருந்த கன்ட்ரோலரை எடுத்தான். சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் உள்ளங்கையிலிருந்து விட்டதுபோல. மேஜையில் தட்டையாக வைத்தான். அசையாமல் வைத்தால் தானாகச் சரியாகும். ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றினான். நீல விளக்கு அணைந்தது.

திரையில் உறை கழன்றது.

கை. ஐந்து விரல்கள். நக இடுக்கில் தோலின் கறுப்புச் சாயம்.

இந்தக் கருவிக்கு விரல் தெரியாது.

அது குத்தவில்லை. பக்கவாட்டில் துழாவியது. ஜான்சனின் இடப்பக்கம். ஜெனிஃபா நிற்கும் பக்கம்.

"ஜெனிஃபா, இப்டி வா."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜான்சனின் மடித்த சட்டைக் கை அசையவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு முழ வெற்றிடம்.

அவள் வலது கை விரிந்தது.

"ஜெனி."

அவள் புறங்கையில் சதை குழிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. விரல் அகலக் குழிகள். வெளுத்து.

அவள் விரல்கள் மெல்ல மடங்கி, அங்கே இல்லாததை இறுகப் பிடித்துக்கொண்டன.