நாலாவது மாடி

லூபேயின் அலறல் கேட்டு அந்தத் தெருவில் ஏழெட்டு ஜன்னல்கள் திறந்தன.

பார்த்தார்கள். மூடிக்கொண்டார்கள். எங்கள் அல்டமோரா நகரத்தின் வழக்கம் அது.

எலுமிச்சைக் கன்றுகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தாள் ஹாரியட் வாஸ்லர். எழுபத்தெட்டு வயது. அந்த நர்சரியின் சொந்தக்காரி. பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருக்க... கைகளில் இன்னும் தோட்டத்துக் கையுறை.

சார்ஜன்ட் ஓச்சோவா காரை விட்டு இறங்கியபோது, வேலியோரம் ஓர் ஆள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"யார் நீங்க?"

"டெரிக். நகராட்சியில திட்ட அதிகாரி." வாயைத் துடைத்துக்கொண்டான். "கம்பம் நட்டிருக்கேன், காலையில வந்து பாருன்னு ஹாரியட் போன் பண்ணியிருந்தாங்க."

"எந்தக் கம்பம்?"

அவன் கை காட்டினான். தரையில் நாலு மூலைக்கு நாலு குழிகள். ஒரு குழியோரம் ஆரஞ்சு வலையின் கிழிசல். கம்பங்களைக் காணோம்.

"இந்த ஊர்ல கட்டடம் கட்டணும்னா, அது எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குக் கம்பம் நட்டு, வலை கட்டிக் காட்டணும் மேடம். யார் வீட்டு மேல நிழல் விழும்னு அக்கம்பக்கத்துல பார்ப்பாங்க. பார்த்துட்டு சண்டைக்கு வருவாங்க."

"நேத்து கடை சாத்துன பிறகுதான் நட்டாங்க." லூபே தேம்பினாள். ஹாரியட்டிடம் வேலை பார்ப்பவள். "நான் கூடவே இருந்தேன். மூணு மாடின்னு இருந்துச்சு. கடைசி நிமிஷத்துல, 'உன் அக்காவுக்கும் ஒரு வீடு வேணுமேடி'ன்னு நாலாக்கினாங்க..."



ஓச்சோவா திரும்பினாள்.

"இவங்க கட்டப்போறது வேற யாருக்குத் தெரியும், டெரிக்?"

டெரிக்கின் காது மடல்கள் சிவந்தன.

"எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாநில அரசு ஒவ்வொரு ஊருக்கும் கணக்குக் குடுக்கும். இத்தனை வீட்டுக்கு இடம் காட்டுன்னு. நாங்க காட்டுவோம்."

"சரி..."

"காட்டுறதோட சரி. எவன் சத்தியமா கட்டமாட்டானோ, அவன் இடமாப் பொறுக்கிக் காட்டுவோம். ஹாரியட் உயிரே போனாலும் நர்சரியை விடமாட்டேன்னு சொல்லிட்டிருந்தவங்க. அதனாலதான் இந்த இடத்தைக் காட்டினேன். அரசும் ஏத்துக்கிச்சு. ஆபீஸ்ல எனக்கு கேக் வெட்டினாங்க."

"அப்புறம்?"

"போன வாரம் என்னைத் தேடி வந்தாங்க. 'டெரிக் கண்ணா, நீ அரசுக்கு எழுதினதைப் படிச்சேன். ஊருக்கு வீடு இவ்வளவு அவசரம்னு எனக்குத் தெரியாமப் போச்சே. லூபே கார்லயே படுத்துத் தூங்குறா. என் இடத்துல கட்டிக்கலாம்'னு..."

அவன் அந்த வெறும் குழிகளைப் பார்த்தான்.

"நான் எழுதினதை உண்மைன்னு நம்பின ஒரே ஆள் அவங்கதான் மேடம்."

லூபே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவமானம் டெரிக்கைப் பிடுங்கித் தின்றது. அவன் தன் ஷூவைப் பார்த்தபடியே நின்றான்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"மேயர்கிட்ட. அவர்கிட்ட மட்டும்தான்."

நர்சரியின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நீச்சல் குளம் மினுங்கியது. மேயர் ப்ரெஸ்டன் கேஜின் வீடு!

டெரிக்கையும் அழைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள் ஓச்சோவா. மேயர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாவம் ஹாரியட். தங்கமான மனுஷி. நேத்து பூரா நான் தலைநகர்ல, சாக்ரமென்டோவுல இருந்தேன். இப்பத்தான் நேரா ஆபீஸ் வர்றேன். வீட்டுப் பக்கமே போகல."

"அவங்க கட்டப்போறது உங்களுக்குத் தெரியுமா?"

"டெரிக் சொல்லித்தான் தெரியும். எங்க ஊர் அழகுக்கு அது பொருந்துமா, நீங்களே சொல்லுங்க. நாலு மாடி. என் குளத்துல ஒரு பொட்டு வெயில் விழாது."

ஓச்சோவா டெரிக்கைப் பார்த்தாள்.

மேயரும் பார்த்தார். டெரிக்குக்குப் பழகிய பார்வை. எவனும் கட்டாத இடமாப் பாரு என்று சொன்ன அதே பார்வை.

"நீ உன் சீட்டுக்குப் போ, டெரிக்."

அந்தக் குரலுக்கு அவன் எப்போதும் போயிருக்கிறான். இன்று கால் நகரவில்லை.

"மூணு மாடின்னுதான் சொன்னேன், ப்ரெஸ்டன்."

"என்ன?"

"நாலுன்னு எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும். நேத்து கம்பம் நின்ன அந்தக் கொஞ்ச நேரத்துல, நேர்ல பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்."

காபி மேஜையில் கொட்டியது. மேயர் அதைத் துடைக்கவில்லை.

"பிடுங்கிப் போடத்தான் போனேன்..." என்றார். "அவ வெளியே வந்துட்டா. 'உனக்கு வெட்கமா இல்லையா ப்ரெஸ்டன்'னு கேட்டா. என் கையில ஒரு கம்பத் துண்டு இருந்துச்சு..."

விலங்கு மாட்டப்பட்டது. வாசலுக்குப் போகும்போது அவருக்குப் பழைய திமிர் கொஞ்சம் திரும்பியது.

"அவளுக்கு வாரிசு கிடையாது. இனி அங்க எவனும் கட்டமாட்டான். என் ஊர் அப்படியேதான் இருக்கும்."

"இருக்காது," என்றான் டெரிக். "நாம காட்டின இடமெல்லாம் பொய்னு மாநில அரசுக்கு இன்னிக்கே சொல்லப்போறேன். குடுத்த ஒப்புதல் ரத்தாகும். ஒப்புதல் இல்லாத ஊர்ல எவன் எத்தனை மாடி கட்ட வந்தாலும் நகராட்சியால தடுக்க முடியாது. உங்க வீட்டுக்கு எதிர்மனைக்காரன் இதுக்காகத்தான் காத்திருக்கான். பத்து மாடி."

"உன் வேலை போயிடும்டா!"

"போகட்டும். இதுவரைக்கும் அதைக் காப்பாத்தினதை நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

ஓச்சோவா கார்க் கதவைத் திறந்து, மேயரின் தலையை மெல்ல அழுத்தி உள்ளே உட்காரவைத்தாள்.

"வருத்தப்படாதீங்க மேயர். நீங்களும் அடுக்குமாடிக்குத்தான் குடி போறீங்க. ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்... நீச்சல் குளம் மட்டும் கிடையாது."