மடித்த மூலை

அவள் மடித்து வைத்த மூலை இடம் மாறியிருந்தது.

ஒரே நாவலை இருவரும் படிப்பது அவர்கள் வழக்கம். பகலில் மனைவி படித்துவிட்டு, நிறுத்திய பக்கத்தின் மூலையை மடித்து வைப்பாள். மாலையில் அவன் அந்த மடிப்பு வரைக்கும் படிப்பான். தாண்டினால் தண்டனை: அடுத்தவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அப்படி அவன் படிக்கும்போது விரலை நாக்கில் தொட்டு, அவள்தான் தாளைத் தூக்கிப் பிடிப்பாள்.

விசித்திரமான நாவல். சுவர்கள் மூச்சுவிடும். கதை சொல்பவன், வீட்டில் தனியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றுவான்.

"சரியான புளுகன்பா இவன். நம்பிடாதே," என்றாள், மருத்துவமனைக் கட்டிலில். முடிய இன்னும் சில பக்கங்கள் இருக்க, அன்று மடித்தாள். அதுதான் கடைசி.

அதன்பின் அவன் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. நினைவில் அவள் குரல் மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனது.

இப்போது பழைய மடிப்பு நீவிவிடப்பட்டிருந்தது. புதிய மடிப்பு கடைசித் தாளுக்கு முந்தைய தாளில்.

காயாத துணியின் வாடையும், மின்விசிறியின் கரகரப்பும், சமையலறைக் குழாய் விட்டுவிட்டுச் சொட்டும் ஓசையும் சூழ, விளக்கைப் போடக்கூட எழாமல், ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அவன் அந்த மடிப்பு வரைக்கும் படித்தான். பிறகு, வேண்டுமென்றே, ஒரு வரி தாண்டினான்.

தண்டனையை ஏற்று வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான்.

கைப்பேசி ஒலித்தது. அக்கா. புத்தகத்தை விரித்தபடி மேசையில் வைத்தான்.

"சாப்பிட்டியாடா? தனியாவா இருக்கே?"

"தனியாத்தான்க்கா."

"பின்ன யாரு அங்க படிக்கிறது?"

அவன் அறையைக் கூர்ந்து கேட்டான். மின்விசிறி. குழாய். வேறொன்றும் இல்லை.

"ரேடியோவா? அப்படியே அவ குரல்டா."

கைப்பேசியைக் காதோடு அழுத்தினான். எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

"என்னக்கா படிக்கிறா?"

"நிறுத்திட்டா. நீ படின்னு சொல்றாடா."

அவன் குனிந்தான். தாளின் மூலையில் விரல் நுனி அளவு ஈரம். புதிய ஈரம்.

தாள் மெல்ல எழுந்தது. பாதியில் நின்றது.

விழவில்லை. அவன் படித்து முடிப்பதற்காக நின்றுகொண்டேயிருந்தது.