இரட்டை வேகம்

ஏழாவது டேக்கில் மட்டும் தங்கையின் வாய் பாட்டை முந்திக்கொண்டு ஓடியது.

தன் கைதான் எங்கோ பிசகியிருக்கும் என்று அக்கா முதலில் நினைத்தாள். பகல் மூன்று மணிக்கும் கறுப்புத் திரை போட்டு இருட்டாக்கிய பின்னறையில், கணினியின் சூட்டில் தூசி வறுபடும் வாசனையோடு, காலையிலிருந்து இதே பாட்டை எடிட் செய்துகொண்டிருந்தாள். தங்கையின் ராக் குழுவுக்கு இது முதல் பாட்டு, முதல் வீடியோ. இதற்காக வேலையைக்கூட விட்டவள், படப்பிடிப்பு முடிந்ததிலிருந்து மூன்று நாளாய்க் காய்ச்சல் என்று சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள்.

வீடியோ முழுக்க ஸ்லோமோஷன். அதற்காகப் பாட்டை எலிக்கீச்சாய் ஒலிக்கும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, எல்லோரும் அதற்கு ஈடாக அவசர அவசரமாக வாயசைத்து, ஆடி, அடித்துத் தள்ளியிருந்தார்கள். படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடு பாட்டோடு பொருந்திவிடும். தலைமுடி மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல மிதக்கும். “சுண்டெலிக் கச்சேரி ஆரம்பம்!” என்று ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் டிரம்மர் கத்துவது பதிவாகியிருந்தது.

பிசகு எங்கே தொடங்கியது என்று பார்க்கப் பின்னால் போனாள்.

நான்காவது டேக்கில், படம்பிடித்த காலி மண்டபத்தின் கடைசியில் இருந்த கண்ணாடிக் கதவருகே ஒரு பெண் நின்றிருந்தாள். ஐந்தாவதில் அந்தப் பெண் நடந்து வந்தாள். டிரம்மரின் குச்சி காற்றில் இறங்கிக்கொண்டே இருக்க, கிடாரிஸ்டின் வியர்வைத் துளிகள் அந்தரத்தில் தொங்க, அவர்களுக்கு நடுவே அந்தப் பெண் மட்டும் கடைக்குப் போகிறவளைப் போலச் சாதாரணமாக நடந்து வந்தாள்.

பாதி வேகத்தில் சாதாரணம். அப்படியென்றால் அன்று மண்டபத்தில் எந்த வேகத்தில் நடந்திருப்பாள்?

இயக்குநருக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, பின்னாடி ஒரு பொண்ணு நடந்து வருதே, யாரது?”

“பொண்ணா? உன் தங்கச்சியத் தவிர அங்க இருந்ததெல்லாம் தாடி வச்ச தடியனுங்க. போய்க் கொஞ்சம் தூங்கும்மா.”

“ஏழாவது டேக்குல உதடு ஒட்டல.”

“எப்படியாவது ஒட்ட வை. அதுதான் நல்ல டேக்கு. அதுவரைக்கும் சொதப்பிக்கிட்டிருந்தவ, ஏழாவதுல என்னமா பின்னிட்டா! வேற ஆளு மாதிரி!”

ஆறாவது டேக். அந்தப் பெண் தங்கையின் முதுகை ஒட்டி நின்றாள். மிதந்த முடி முகத்தை மறைத்தது. காதருகே குனிந்தாள். தங்கையின் கண்கள் மெல்ல, மெல்ல விரிந்தன. கேமரா கிடாருக்குத் திரும்பியது. மறுபடி வந்தபோது மைக்கின் முன்னால் ஒருத்திதான் இருந்தாள்.

ஏழாவதைத் திரை முழுக்க விரித்தாள்.

தங்கையின் முகம்தான். ஆனால் முடி மிதக்கவில்லை. கனத்தோடு சட்சட்டென்று விழுந்தது. மற்றவர்கள் எல்லோரும் மிதந்துகொண்டிருந்தார்கள்.

பின்னால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ. பெரிதாக்கினாள். மங்கல். இன்னும் பெரிதாக்கினாள்.

தங்கை.

இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில். வாய் மெதுவாகத் திறந்தது. அது என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அவளை அழைக்கும் வாய் அது.

மூன்று நாளாய் யாருடைய நெற்றியில் ஈரத்துணி போட்டேன்? தொட்டபோது சுடவேயில்லையே. அதை ஏன் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை?

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

“அக்கா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கிரீச்சு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் கதவு திறந்திருந்தது. அதற்குள் தோளில் கை. அதற்குள் காதருகே மூச்சு.

திரையில், கண்ணாடிக்கு அப்பால், தங்கையின் கை மெதுவாக, மிக மெதுவாக, இன்னொரு முறை தட்டுவதற்கு உயர்ந்துகொண்டிருந்தது.