ஐந்தாவது துளையின் விளக்கு

இன்டர்நெட் பழுது பார்ப்பது என் தொழில். அந்த மாடி வீட்டுக்கு நான் போனபோது நல்ல மத்தியானம். இருந்தும் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. கூடத்தில் காயாத துணியின் வாடை.

“அவருக்கு வெளியூர்ல வேலை, அண்ணா. தினம் வீடியோவுல கூப்பிடுவார். ஹலோன்னதும் படம் நின்னுடும். மறுநாள் மெசேஜ்ல கேட்டா, ‘நல்லாத்தானே பேசினோம்’ங்கிறார். கிண்டலா இருக்கு அவருக்கு,” என்றாள் வீட்டுக்காரி. கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லையாம்.

ரவுட்டரில் நேரே லேப்டாப்பைச் செருகினேன். வேகம் பறந்தது. கேபிள்களைப் பிரித்துவிடும் ஸ்விட்ச் பெட்டி வழியாகச் செருகினேன். ஊர்ந்தது.

“கோளாறு இங்கேதாம்மா. ரவுட்டர்லேர்ந்து வர்றது ஒரே குழாய். அதை இந்தப் பெட்டி அறை அறையா பங்கு வைக்குது. ஒருத்தர் வாய் வெச்சு உறிஞ்சினா, மத்தவங்களுக்குச் சொட்டுதான்.”

“வீட்டுல நான் மட்டும்தானே இருக்கேன்?” என்றவள், பெட்டியை முறைத்தாள். “இதை மாட்டினது மூத்தவ, அவரோட முதல் சம்சாரம். செத்தும் போயிட்டா. ‘அவ இழுத்த கேபிள், கை வைக்காதே’ம்பார். அந்த ஒயர் மேல இருக்கிற அக்கறை என் மேல இருந்தா தேவலை.”

ஒவ்வொரு கேபிளும் செருகியிருக்கும் துளைக்கு மேலே ஒரு சின்ன விளக்கு உண்டு. மறுமுனையில் கருவி இருந்தால்தான் அது எரியும். தகவல் ஓடினால் துடிக்கும். ஐந்தாவது துளையின் விளக்கு மூச்சிரைப்பதுபோல் துடித்தது.

அந்தக் கேபிளின் போக்கிலேயே மாடிக்குப் போனேன். மூத்தவளின் அறை. வீட்டுக்காரி பூட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றாள்.

உள்ளே ஒரு நாற்காலி. அதன் கால் மாட்டில் கேபிளின் நுனி கிடந்தது.

எதிலும் செருகப்படாமல்.

கீழே ஓடிவந்து பார்த்தேன். விளக்கு துடித்துக்கொண்டுதான் இருந்தது. பிடுங்கினேன். அணைந்தது. வேகம் திரும்பியது.

அவள் உடனே கணவரைக் கூப்பிட்டாள். திரையில் முகம் பளிச்சென்று வந்தது.

“என்னம்மா, இன்னைக்கு வெளிச்சத்துல உக்காந்திருக்க? தினம் மாடி ரூம் இருட்டுலதானே குசுகுசுன்னு பேசுவ?”

அவள் அலறவில்லை. திரையை முகத்தருகே இழுத்தாள்.

“அவகிட்ட என்ன பேசினீங்க?”

“எவகிட்ட?”

“எனக்குச் சொல்லாதது என்ன சொன்னீங்க அவகிட்ட?”

படம் நின்றது.

அவர் குரல் மட்டும் வந்தது, கொஞ்சலாக. “ஹும்… விளக்கை அணைச்சுட்டியா? சரி, கிட்ட வா.”

“நான் இங்க இருக்கேங்க!” என்று அவள் கத்தினாள். அவர் யாருக்கோ சிரித்தார்.

மாடியில் நாற்காலி நகரும் சத்தம்.

ஸ்விட்சைப் பார்த்தேன். பிடுங்கிய கேபிள் என் கையில்தான் இருந்தது.

காலியான ஐந்தாவது துளையின் மேல் விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.