பதிமூன்று புள்ளி ஆறு

காலை 11.20.

பல் டாக்டர் வீட்டு ஹாலில் புதுப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லை. வெள்ளைத் தெர்மோகோலுக்கு நடுவே, பழைய துணி சுற்றிய ஸ்பீக்கர் வயர்ச் சுருள்களும் சுவரில் அடிக்கும் இரும்புத் தாங்கிகளும் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தன.

"மூணு வாரமா நோட்டுப் போட்டு எழுதி எழுதிப் படிச்சீங்களே, அது இதுக்குத்தானா?" என்றாள் டாக்டரின் மனைவி.

டாக்டர் வாயைத் திறந்தபடியே நின்றார். மற்றவர்களைத்தான் அவர் வழக்கமாக அப்படி உட்கார வைப்பார்.

பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தவர் ஆடியோ கடையின் ஃபிட்டர். கையில் கட்டிங் பிளேடுடன் மண்டியிட்டிருந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

மதியம் 12.05.

சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டையாவுடன் வந்து சேர்ந்தாள். ஃபிட்டரின் முகத்தை எங்கேயோ பார்த்த நினைவு. எங்கே என்று அவரே சொன்னார்.

"ஸ்டேஷன்ல என் ஃபாரம் இருக்கு மேடம். நன்னடத்தைச் சான்றிதழுக்கு. உங்க கையெழுத்துதான் பாக்கி. புது சினிமா தியேட்டர்ல சவுண்ட் ஆபரேட்டர் வேலை, திங்கக்கிழமை சேரணும்."

இன்று சனிக்கிழமை. திருட்டு வழக்கில் பெயர் ஏறினால் அந்த ஃபாரம் குப்பைக்குத்தான் போகும். அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

"இந்த வயர் யாருது?"

"என்னுதுதான் மேடம். போன வாரம் வெட்டி மிச்சம் வந்தது. கடைப் பின்ரூம்ல போட்டிருந்தேன். இரும்பும் அங்க இருந்ததுதான்."

ஏட்டையா தொண்டையைக் கனைத்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவனை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"பெட்டிய எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"ஒன்பதரை. கடையில ஒட்டிக் கொடுத்தாங்க, வேன்ல ஏத்தினேன். வழியில ஒரு டீ. இங்க வரும்போது பத்தே முக்கால்."

"வேன்ல வேற யாரு?"

"யாருமில்ல."

"ஒட்டியிருந்த டேப்பு?"

"எந்தப் பெட்டியையும் கடையில திறந்து செக் பண்ணிட்டு எங்க டேப்பத்தான் ஒட்டுவாங்க. அதே டேப் என் பையிலயும் ஒண்ணு இருக்கு."

மறுபடியும் மண். ஏட்டையா கூரையைப் பார்த்தார்.

"பெட்டியத் தூக்கும்போது வித்தியாசம் தெரியலையா?"

ஃபிட்டர் யோசித்தார். "லிஃப்ட் வேலை செய்யல. மூணு மாடி ஏறினேன். இந்த மாடலோட மூணு மாடி ஏறினா எனக்கு வாய் வழியா மூச்சு வரும். இன்னிக்கு வரல. உடம்பு தேறிட்டுதுன்னு நெனச்சேன்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். ஏன் குறிக்கிறோம் என்று தெரியவில்லை.

டாக்டர் தன் நோட்டை நீட்டினார். பக்கம் பக்கமாக எண்கள். காணாமல்போன ஆம்ப்ளிஃபயரின் விவரப் பட்டியல் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஒரு சேனலுக்கு 100 வாட்ஸ். 8 ஓம்ஸ். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. இரண்டு சேனல் இயங்கும்போது. அவள் இரண்டு முறை படித்தாள். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை, புரியாததன் அளவு கூடியிருந்தது.

"ஓம்னா என்ன டாக்டர்?"

"அது வந்து... ஸ்பீக்கர் கரண்டுக்குக் கொடுக்கிற தடை. தடை குறைஞ்சா ஆம்ப்ளிஃபயருக்கு வேலை ஜாஸ்தி. அதனால ரெண்டுக்கும் பொருத்தம் பார்க்கணும்."

"நமக்குப் பார்த்த மாதிரி பார்த்திருப்பாரு," என்றாள் மனைவி.

பட்டியலின் கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது. எடை: 13.6 கிலோ.

"இதை நீங்க நோட்டுல எழுதலையே?"

"எடையா? ஆம்ப்ளிஃபயரை நான் என்ன தலையிலயா சுமக்கப்போறேன்? அத யாரு பார்ப்பாங்க?"

மதியம் 12.40.

அழைப்பு மணி அடித்தது. சமையல் சிலிண்டர் கொண்டுவந்தவர்.

"எடை போட்டுக் காட்டிட்டு வையுங்கண்ணே," என்றாள் டாக்டரின் மனைவி. போலீஸ் வந்திருந்தாலும் அவள் வீட்டு நடைமுறை மாறாது.

அவர் கைத்தராசின் கொக்கியில் சிலிண்டரை மாட்டித் தூக்கினார். "மொத்தம் இருபத்தொன்பதரை. காலி இரும்பு பதினஞ்சு புள்ளி மூணு, இதோ மேல அடிச்சிருக்கு. மிச்சம் பதினாலு புள்ளி ரெண்டு கேஸ். கணக்கு சரியாம்மா?"

"அண்ணே, அந்தத் தராச ஒரு நிமிஷம் கொடுங்க," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர்.

பெட்டியில் இருந்ததெல்லாம் இருந்தபடியே இருக்க, மூடிக் கயிறு கட்டித் தூக்கினார் ஏட்டையா. எண்கள் துள்ளி நின்றன. 13.6.

"பட்டியல்ல போட்டிருக்கிற அதே எடை! கச்சிதமா இருக்கு மேடம்," என்றார்.

கச்சிதமாகத்தான் இருந்தது. அதுதான் அவளைக் குழப்பியது. வயரையும் இரும்பையும் திணித்த பெட்டி எதற்காக இவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும்? ஏதோ ஒன்று இடறியது. சட்டைக்குள் எங்கேயோ போய்விட்ட எறும்புபோல, இருக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை.

பிற்பகல் 2.15.

கடையில் முதலாளி காத்திருந்தார். கூடவே அவர் மனைவியின் தம்பி, பன்னிரண்டு வருஷமாக விற்பனையைக் கவனிப்பவர். அவரை எல்லோரும் கேட்லாக் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பொருளின் பெயரைச் சொன்னாலும் விவரம் முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாராம். முதலாளிக்கு அதில் பெருமை.

"ஃபிட்டர் தவிர வேற யாரும்மா எடுக்க முடியும்? வேன்ல தனியாப் போனவன் அவன். அவன் வயரு, அவன் இரும்பு. திங்கக்கிழமை வேலையை விட்டே போறான். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"கொஞ்சம் புரியணும் சார்," என்றாள் அவள்.

அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி பளபளத்தது. அதில் பெரிய எழுத்தில் 5000 வாட்ஸ். விலைச்சீட்டைப் பார்த்தாள். காணாமல்போன 100 வாட்ஸ் சாமானின் விலையில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

"ஐயாயிரத்த விட்டுட்டு யாராவது நூறத் திருடுவாங்களா?"

கேட்லாக் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல முன்னால் வந்தார்.

"எல்லாரும் இங்கதான் மேடம் ஏமாறுவாங்க. இந்த ஐயாயிரம், கண் சிமிட்டுற நேரத்துக்கு எட்டிப் பார்க்கிற சக்தி. அதையும் எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டி, இஷ்டத்துக்குப் பெருக்கிப் போட்டிருப்பாங்க. அந்த நூறு அப்படி இல்ல. விடாம, சத்தம் உடையாம, மணிக்கணக்காக் கொடுக்கிற நூறு. அதுவும் ரெண்டு சேனல் ஓடும்போது. ஏழு சேனலும் ஓடினா குறையும், அதையும் நேர்மையா எழுதியிருப்பாங்க. நம்பரை மட்டும் பார்க்கக் கூடாது மேடம். எதை அளந்தாங்க, எதோட சேர்த்து அளந்தாங்கன்னு கேக்கணும்."

அவள் எழுதிக்கொண்டாள். இன்று முழுக்கக் கேட்டதிலேயே அவளுக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

"அந்த ஆம்ப்ளிஃபயர் விவரம் சொல்லுங்க."

"ஏழு சேனல், ஒரு சேனலுக்கு நூறு வாட்ஸ், எட்டு ஓம்ஸ், அகலம் நாப்பத்துமூணு புள்ளி அஞ்சு சென்டிமீட்டர், எடை பதிமூணு புள்ளி ஆறு கிலோ."

"எடைகூடவா?"

"இந்த எடைதான் மேடம் இங்க சாட்சியே." அவர் மேசையிலிருந்து அனுப்புகைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து நகலைக் காட்டினார். "இன்னிக்குக் காலையில ஒன்பதேகாலுக்கு நானே தராசுல வெச்சேன். பாருங்க, பதிமூணு புள்ளி ஆறு. கடையை விட்டுப் போகும்போது சாமான் உள்ள இருந்துச்சு. மாத்தினது அதுக்கப்புறம்தான்."

"நம்ம பக்கம் சுத்தம்மா," என்றார் முதலாளி.

"தராசுல பார்த்து எழுதினீங்களா? இல்ல, மனப்பாடமா இருக்குன்னு அப்படியே எழுதிட்டீங்களா?"

"என் கண்ணால பார்த்தேன்."

"பெட்டியோட வெச்சா?"

"ஒட்டின பெட்டியத்தான் மேடம் வெச்சேன். சத்தியமா."

எறும்பு கடித்துவிட்டது.

அவள் சீட்டுப் புத்தகத்தை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினாள். நேற்று, முந்தாநாள், போன மாதம். ஒவ்வொரு நகலிலும் பொருள், முகவரி, நேரம் இருந்தன. எடை என்ற கட்டம் எல்லாவற்றிலும் காலி. புத்தகம் முழுக்க ஒரே ஒரு சீட்டில்தான் அது நிரம்பியிருந்தது.

"இதே மாடல் இன்னொண்ணு இருக்கா? பிரிக்காதது?"

பின்ரூமில் ஒன்று இருந்தது. ஜீப்பில் வந்திருந்த ஃபிட்டர் அதைத் தூக்கிவந்து தராசில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாய் வழியாக மூச்சு விட்டார்.

16.9.

முதலாளி தராசைத் தட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

"தராசு கெட்டுப் போச்சா?"

"தராசு நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "எனக்குத்தான் மதியத்துல இருந்து மண்டை குழம்பிப் போயிருந்துச்சு. டாக்டர் பட்டியல்ல பதிமூணு புள்ளி ஆறு. வயர் அடைச்ச பெட்டியும் பதிமூணு புள்ளி ஆறு. உங்க சீட்டுலயும் பதிமூணு புள்ளி ஆறு. எல்லாம் சரியா இருக்கே, அப்புறம் ஏன் எதுவுமே சரியா இல்லன்னு. சிலிண்டர் போடுறவருக்குத் தெரிஞ்சது எனக்கு இப்பத்தான் உறைக்குது. உள்ள இருக்கிற சாமான் தனி எடை. மேல இருக்கிறது தனி எடை."

அவள் பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினாள். சாமான் மட்டும் 13.6. பெட்டியோடு 16.9. இரண்டும் அச்சிட்டிருந்தன. டாக்டர் வீட்டுப் பெட்டியில் அந்த இடத்தின் மேல்தான் கடையின் முகவரிச் சீட்டு ஒட்டியிருந்தது.

"பட்டியல்ல இருக்கிறது ஆம்ப்ளிஃபயரோட எடை மட்டும். அட்டைப்பெட்டி, தெர்மோகோல், ரிமோட், வயரு எல்லாம் சேர்ந்தா இன்னும் மூணு கிலோவுக்கு மேல. நல்ல சாமான் உள்ள இருந்திருந்தா காலையில ஒன்பதேகாலுக்கு இந்தத் தராசு பதினாறு புள்ளி ஒன்பது காட்டியிருக்கணும். பதிமூணு புள்ளி ஆறு காட்டுச்சுன்னா, பெட்டி கடையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே உள்ள வயருதான் இருந்திருக்கு."

அவள் கேட்லாக்கைப் பார்த்தாள்.

"ஆம்ப்ளிஃபயர எடுத்துட்டீங்க. பெட்டி லேசாயிட்டா ஃபிட்டர் கண்டுபிடிச்சிடுவாருன்னு பயம். தராசுல பெட்டிய வெச்சு, வயரும் இரும்பும் போட்டுக்கிட்டே வந்தீங்க. மனசுல இருந்த நம்பர் வந்ததும் நிறுத்திட்டீங்க. ஃபிட்டர் மாத்தியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது. வேன்ல தராசு கிடையாது. அவருக்கு அந்த நம்பரும் தெரியாது. தோளுக்குத்தான் தெரியும். பெட்டியத் தூக்காம, புத்தகத்த மட்டும் மனப்பாடம் பண்ணினவர் ஒருத்தர்தான் இங்க இருக்கீங்க. நம்பரை மட்டும் பார்க்கக் கூடாது, எதோட சேர்த்து அளந்தாங்கன்னு கேக்கணும். நீங்கதான் சார் சொன்னீங்க."

கேட்லாக் எதையோ ஒப்பிக்கப்போகிறவர்போல உதட்டை அசைத்தார். ஒன்றும் வரவில்லை.

"டேய் மச்சான்," என்றார் முதலாளி.

மாலை 5.50.

கேட்லாக்கின் வீட்டில், டி.வி.க்குக் கீழே, பூப்போட்ட துணிக்கடியில் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அவர் மனைவி கடையில் இனாமாகக் கொடுத்ததாக நினைத்திருந்தாள்.

"பன்னெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லி வித்துட்டேன் மேடம். என் வீட்டுல டி.வி.யோட சத்தம்தான். நேத்து சாயங்காலம் மாட்டி ஒரு பாட்டுக் கேட்டேன். பாடுறவ மூச்சு எடுக்கிறதுகூடக் கேட்டுச்சு."

"ஃபிட்டர் பேர் கெட்டுப் போகுமேன்னு தோணலையா?"

"அவன்தான் போறானே. போனப்புறம் யாரு தேடப்போறாங்கன்னு..."

"போறதுக்குத்தான் சார் அவருக்கு நல்ல பேர் வேணும்."

சாட்சிப் பொருளை, டாக்டர் வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த பெட்டியிலேயே, தெர்மோகோலோடு வைத்து ஒட்டினார்கள். ஏட்டையா அதைக் கேட்லாக் கையிலேயே கொடுத்தார். இறங்க இரண்டு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்லாக் பெட்டியை இறக்கிவைத்து நின்றார்.

"இவ்வளவு கனமா இருக்கே..."

"பதினாறு புள்ளி ஒன்பது சார்," என்றார் ஏட்டையா. "பெட்டியோட."

மாலை 6.40.

ஸ்டேஷனில் ஃபிட்டர் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அவருடைய ஃபாரத்தை எடுத்து வரி வரியாகப் படித்தாள். பெயர், முகவரி, அடையாளக் குறி, உயரம். கடைசியில் எடை: 61 கிலோ.

பேனா அந்த வரியில் நின்றது.

"இது செருப்போடயா, செருப்பு இல்லாமலா?"

ஃபிட்டர் திருதிருவென்று விழித்தார். காலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "தெரியலையே மேடம்... எழுதினப்போ யோசிக்கல."

"பரவாயில்ல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.